காஞ்சியிலிருந்து ஜவ்வாது மலைக்கு: ஏழு நாய்களும் ஒரு டெம்போ டிராவலரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

கம்பெனி பஸ்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்து கேட்கிறவங்க, நைட் ஷிப்ட் முடிச்சு ஹாஸ்டல்ல தூக்கம் வராம கேட்கிறவங்க, ஒரகடம் சிக்னல்ல லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டுக் கேட்கிறவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

இன்னைக்கு டெக் பேச்சு கிடையாது. 2024 ஜனவரி 26 வெள்ளிக்கிழமையா வந்துச்சு, ஞாபகம் இருக்கா? அந்த மூணு நாள் லீவுல நாங்க 16 பேர் ஒரு வண்டி பிடிச்சுக் கிளம்பினோம். முதல் நாள் காஞ்சிபுரம், ரெண்டாவது நாள் ஜவ்வாது மலை, மூணாவது நாள் ஏலகிரி. கூட ஒரு வழிகாட்டி. ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். நாங்க எல்லாரும் "சார்"னுதான் கூப்பிட்டோம்.

வண்டியில யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல சொல்லிடறேன். நான் இந்தப் பக்கத்துல ஒரு தொழிற்சாலையில சாஃப்ட்வேர் பார்க்கிறேன். ஒரு பாகம் எந்த லைன்ல, எந்த ஷிப்ட்ல, யார் கையில உருவாச்சுன்னு பின்னாடி தேடி எடுக்கிற சிஸ்டம் என்னோடது. என்கூட வந்ததுல நாலு பேர் மட்டும்தான் ஆபீஸ் ஆளுங்க. மீதி 12 பேர் லைன்ல நிக்கிற பொண்ணுங்க, எல்லாரும் 19, 20, 22 வயசு. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராமநாதபுரம்னு பல மாவட்டம். ரெண்டு வருஷமா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹாஸ்டல்ல இருக்காங்க. காஞ்சிபுரம் இங்கேருந்து ஒரு மணி நேரம். 12 பேர்ல 9 பேர் அந்த ஊரைப் பார்த்ததே இல்ல. பஸ் ஹாஸ்டல்ல ஏத்தும், கம்பெனியில இறக்கும், திரும்ப ஹாஸ்டல். ஞாயித்துக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாப் போயிடும்.

அதுல ஒரு பொண்ணுக்குச் சொந்த ஊரே ஜவ்வாது மலை. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. அதனால இந்த எபிசோடு முழுக்க அவளைத் தங்கச்சின்னே சொல்றேன்.

முதல் நாள்: ஒரு ராஜாவுக்கு எத்தனை பேர்

காஞ்சிபுரம்னா பட்டு, காமாட்சி அம்மன், இட்லி. இதைத் தாண்டி நம்ம வயசு ஆளுங்களுக்கு அந்த ஊர் தலைநகரமா மனசுல பதியறது இல்ல. ஆனா பல்லவர்கள் பல நூறு வருஷம் ஆண்ட தலைநகரம் அது. ஏழாம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங் இந்த ஊரைப் பத்தி எழுதி வச்சிருக்கார். சைவம், வைணவம், சமணம், பௌத்தம் எல்லாமே தெருத்தெருவா வாழ்ந்த ஊர். "கடிகை"ன்னு உயர்கல்வி நிலையம் இருந்துச்சு. இப்போ நம்ம காரிடார் எப்படி நாலு பக்கத்திலேருந்தும் ஆளை இழுக்குதோ, அப்போ அந்த வேலையைக் காஞ்சி செஞ்சுது.

சார் எங்களை முதல்ல கூட்டிட்டுப் போனது கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டினது. அடித்தளம் கருங்கல், மேலே மணற்கல். சுத்தி மதில் ஓரமா 58 சின்னச் சின்னக் கோயில்கள் வரிசையா நிக்குது. தூணுக்குத் தூண் பின்னங்காலில் எழுந்து நிக்கிற சிங்கம்.

அந்தச் சின்னக் கோயில்கள் மேல சுத்திச் சுத்தி எழுத்து இருக்கு. என்னன்னு கேட்டா, ராஜாவோட பட்டப்பெயர்கள். சுமார் 250 பட்டம். அதையும் ஒரே எழுத்துல எழுதாம, வரிக்கு வரி வேற வேற எழுத்து வடிவத்துல செதுக்கியிருக்காங்க. எங்க டீம்ல ஒருத்தர், "ஒரே யூசருக்கு 250 யூசர்நேம், அதுவும் வேற வேற ஃபான்ட்ல"ன்னார். வண்டி முழுக்கச் சிரிப்பு.

அதே கோயில்ல ஒரு தூண்ல கன்னடக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சப்போ வெட்டினது. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தோத்த ஊர்னா கொள்ளையடிக்கிறதுதான் வழக்கம். இவன் கோயில் சொத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான்னு அந்தக் கல்வெட்டு சொல்லுது. அவனோட ராணி லோகமாதேவி கர்நாடகாவுல பட்டடக்கல்ல கட்டின விருபாட்சர் கோயில்ல கைலாசநாதர் சாயல் நல்லாவே தெரியும். இன்னைக்கு யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற இடம் அது. எதிரியோட கோடு பிடிச்சிருந்தா டெலீட் பண்ணாம ஃபோர்க் பண்ணிக்கிட்டுப் போறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால வேகமா ஓடினோம். இரண்டாம் நந்திவர்மன் காலத்துக் கோயில். உள்ள சுத்துப் பிரகாரத்துல சிங்கத்தூண்களுக்குப் பின்னாடி சுவர் முழுக்கச் சிற்பம். ஒரு வம்சத்தோட வரலாறு, கட்டம் கட்டமா, காமிக்ஸ் புத்தகம் மாதிரி.

அதுல ஒரு கதை. ராஜா இறந்துட்டார், வாரிசு இல்ல. அமைச்சர்கள், கடிகைக்காரங்க, ஊர்ப் பெரியவங்க எல்லாம் சேர்ந்து பல்லவ வம்சத்தோட தூரத்துக் கிளையில இருக்கிற இரணியவர்மன்கிட்ட போறாங்க. "உங்க பையன் ஒருத்தனை ராஜாவா அனுப்புங்க"ன்னு கேட்கிறாங்க. பெரிய பையன்கள் மூணு பேரும் மாட்டேன்னுடறாங்க. கடைசிப் பையன் "நான் போறேன்"ங்கிறான். அவனுக்கு 12 வயசு. அப்பாவுக்கு மனசே வரல. அப்புறம் சம்மதிச்சு அனுப்புறார். பையன் மலை, காடு, ஆறு எல்லாம் தாண்டிக் காஞ்சிக்கு வந்து சேர்றான். அவன்தான் நந்திவர்மன். அறுபது வருஷத்துக்கு மேல ஆண்டான்.

எங்க வண்டியில பாதிப் பேர் பன்னெண்டாவது முடிச்ச கையோட, 18 வயசுல, பெட்டியோட பஸ் ஏறி வந்தவங்க. அந்தச் சிற்பத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஒரு பொண்ணு, "எங்க வீட்லயும் அண்ணனுங்க மாட்டேன்னாங்க, நான்தான் வந்தேன்"ன்னா.

இந்தச் சிற்பங்களை ஒவ்வொண்ணா படிச்சுப் புத்தகமா எழுதினவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கின முதல் பெண், 1936-இல். பல்லவர் காலத்து ஆட்சியும் சமூக வாழ்வும்தான் அவரோட ஆய்வு. 1940-இல் சின்ன வயசுலயே இறந்துட்டார். வைகுண்டப் பெருமாள் சிற்பங்கள் பற்றிய நூல் 1941-இல், அவர் இறந்த பிறகுதான் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடா வந்துச்சு. நாம இன்னைக்கு "இது நந்திவர்மன், இது அவங்க அப்பா"ன்னு விரல் காட்டுறோம்னா அதுக்கு அவரோட உழைப்பு காரணம்.

சாயங்காலம் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். கோர்வைப் புடவை பார்த்தோம். உடல் ஒரு நிறம், கரை வேற நிறம், ரெண்டையும் நூலோட நூலா பூட்டி நெய்யறது. நெய்யறவர் தவிர அந்தப் பக்கம் நாடா தள்ளிக் கொடுக்க இன்னொரு ஆளும் வேணும். எங்க லைன் பொண்ணுங்க ரெண்டு பேரோட கை வேகத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. கோயில்ல கேட்காத கேள்வியெல்லாம் இங்க வந்துச்சு. ஒரு நாளைக்கு எவ்வளவு நீளம், முதுகு வலிக்காதா, அறுந்தா யார் காசு. சுற்றுலாப் பயணிங்க கேட்கிற கேள்வி இல்ல. வேலை செய்யறவங்க வேலை செய்யறவங்ககிட்ட கேட்கிறது.

ரெண்டாவது நாள்: பாலாற்றுப் பாலம்

சனிக்கிழமை விடியக்காலை கிளம்பிட்டோம். செய்யாறு, ஆரணி, போளூர் வழியா ஜமுனாமரத்தூர். காஞ்சியை விட்டுத் தெற்கே வந்ததும் பாலாறு. பாலம் நீளமா போகுது, கீழே மணல்தான். 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்போ இதே ஆறு கரை புரண்டுச்சுன்னு சொன்னா நம்ப முடியாது.

பாலத்துக்கு நடுவுல சார் வண்டியை மெதுவாப் போகச் சொல்லிட்டு ஒரு கதை ஆரம்பிச்சார்.

ஜவ்வாது மலையில இருக்கிறவங்க மலையாளிப் பழங்குடிகள். பேரைக் கேட்டதும் கேரளான்னு நினைக்காதீங்க. மலையை ஆள்றவங்க, மலைக்காரங்கன்னு அர்த்தம். பேசறது தமிழ். ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலைன்னு கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுக இருக்காங்க. தமிழ்நாட்டுப் பழங்குடிகள்ல எண்ணிக்கையில பெரியவங்க இவங்கதான். 2011 கணக்கெடுப்புப்படி சுமார் மூணரை லட்சம் பேர்.

இவங்ககிட்ட ஒரு பழைய நம்பிக்கை இருக்கு: நாங்க காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்க. சேர்வராயன், கொல்லி, பச்சைமலைப் பக்கம் அது மூணு அண்ணன் தம்பி கதையா இருக்கு. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். காஞ்சியை விட்டுக் கிளம்பி ஆளுக்கொரு மலையில குடியேறினாங்கன்னு. ஜவ்வாது மலைக் கதை வேற. வெள்ளைக்காரங்க காலத்து வட ஆற்காடு மாவட்டக் கையேட்டுல பதிவாகி, 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனோட ஏழு தொகுதிப் புத்தகத்துலயும் அது இருக்கு. 12-ஆம் நூற்றாண்டுல நடந்ததா சொல்றாங்க.

கதை இதுதான். கங்குந்தியில, அதாவது இப்போ ஆந்திராவுல குப்பம் பக்கம், வேடர்கள் இருந்தாங்க. அவங்க காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்கிட்ட பொண்ணு கேட்டாங்க. இவங்க கேவலமாப் பேசி அனுப்பிட்டாங்க. கோபத்துல வேடர்கள் ஏழு பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மீட்கிறதுக்காக ஏழு ஆம்பளைங்க ஏழு நாயோட கிளம்பினாங்க. கிளம்பும்போது மனைவிங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்க: நாய் மட்டும் தனியா திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வச்சுக்கிட்டு காரியம் பண்ணிடுங்க.

பாலாறு வந்துச்சு. வெள்ளம். ஆளுங்க கஷ்டப்பட்டுக் கரை சேர்ந்துட்டாங்க. நாய்ங்க பாதி ஆறு நீந்திட்டு, முடியாம திரும்பிக் காஞ்சிக்கே போயிடுச்சு.

இவங்க போய் வேடர்களைக் கொன்னுட்டு ஊர் திரும்பினா, வீட்ல காரியம் முடிஞ்சாச்சு. மனைவிங்க விதவைக் கோலத்துல இருக்காங்க. ஊர்க் கணக்குல இவங்க செத்தவங்க. சாதியை விட்டும் தள்ளியாச்சு. அதனால வேடர் பெண்களையே கல்யாணம் பண்ணிக்கிட்டு ஜவ்வாது மலை ஏறினாங்க. விவசாயம் பண்ணாங்க. அவங்க வம்சம்தான் நாங்கன்னு முடியுது கதை.

சார் சொல்லி முடிச்சதும் ஒரு விஷயத்தைத் தெளிவா சொன்னார்: "இது வரலாறு கிடையாது. ஒரு கூட்டம் தன்னைப் பத்திச் சொல்லிக்கிட்டதை ஒரு அதிகாரி கேட்டு எழுதினது. எங்க உண்மை, எங்க கற்பனைன்னு பிரிக்க முடியாது. ஆனா மலையில இருக்கிறவங்க இவ்வளவு காலம் கழிச்சும் காஞ்சின்னு ஒரு பேரை விடாம வச்சிருக்காங்க பாருங்க, அதை யோசிக்கணும்."

தங்கச்சி அதுவரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தா. அவளுக்கு "காஞ்சியிலேருந்து வந்தோம்"னு பெரியவங்க சொல்லிக் கேட்ட ஒரு வரிதான் தெரியும். முழுக் கதையைக் கேட்கிறது இதுதான் முதல் தடவை. அவ கேட்டா:

"சார், அந்த ஏழு பொண்ணுங்க என்ன ஆனாங்க?"

சார் கொஞ்சம் யோசிச்சார். "கதையில இல்லம்மா."

"மீட்கத்தானே போனாங்க. மீட்டாங்களா? ஊருக்குக் கூட்டிட்டு வந்தாங்களா? ஊர்ல சேர்த்துக்கிட்டாங்களா?"

"நான் படிச்ச வடிவத்துல இல்ல. சொன்னவங்க சொல்லலையா, எழுதினவர் கேட்கலையா, தெரியல."

இன்னொரு பொண்ணு பின்சீட்டுலேருந்து, "ஆம்பளைங்களையே சேர்த்துக்கல, பொண்ணுங்களை எங்க சேர்த்திருப்பாங்க"ன்னா.

வண்டியில பெரிய விவாதமே ஆயிடுச்சு. விதவையா ஆக்கப்பட்ட மனைவிங்களுக்குப் புருஷன் உயிரோட வந்து நிக்கும்போது எப்படி இருந்திருக்கும்? தன் ஆளுங்களைக் கொன்னவனையே கட்டிக்கிட்ட வேடர் பெண்களை யாராவது கேட்டாங்களா? கதையில மொத்தம் மூணு கூட்டம் பெண்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. நாய்ங்க என்ன பண்ணுச்சுன்னு இருக்கு, பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு இல்ல. ஆரணி வர்ற வரைக்கும் இதே பேச்சு.

எனக்கு அப்போ தோணினது இது. ஒரு சிஸ்டத்துல எந்தக் காலத்தை வச்சிருக்கோமோ அதுக்குத்தான் டேட்டா கிடைக்கும். காலமே இல்லன்னா அந்த ஆள் இருந்ததுக்குத் தடயமும் இல்ல. தங்கச்சி செஞ்சது, டேபிள்ல இல்லாத ஒரு காலத்தைக் கேட்டது.

ஒரு நாயோட பேர்

போளூர்ல டீ குடிக்கிறப்போ சார் போன்ல ஒரு படம் காட்டினார். திருவண்ணாமலை மாவட்டம், தண்டராம்பட்டு வட்டம், எடுத்தனூர் நடுகல். நடுகல்னா சண்டையில செத்தவனுக்கு ஊர் எடுக்கிற நினைவுக்கல். செங்கம் வட்டாரத்துல இப்படி நிறைய இருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நாகசாமியோட பதிப்புல "செங்கம் நடுகற்கள்"னு தொகுப்பே போட்டிருக்கு.

எடுத்தனூர் கல்லு, முதலாம் மகேந்திரவர்மனோட 34-ஆவது ஆட்சியாண்டு. ஏழாம் நூற்றாண்டு, வட்டெழுத்து. எருமைகளைக் காப்பாத்தச் சண்டை போட்டுச் செத்த கருந்தேவகத்தின்னு ஒருத்தன். கல்லுல அவனோட ஒரு நாயும் நிக்குது. நாய்க்குப் பேர் கோவிவன். அது ரெண்டு திருடனைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு தனியா எழுதி வச்சிருக்காங்க.

முதல் நாள் பார்த்தது ராஜாவுக்கு 250 பட்டம். இது ஒரு மாட்டுக்காரன், ஒரு நாய், ஆளுக்கு ஒரு பேர். அந்தக் கல்லுலயும் தேதி போட ராஜா பேர்தான் வேண்டியிருந்துச்சு. ஆனா கல்லு ராஜாவுக்காக எடுத்தது இல்ல. பல்லவ நாட்டுல காஞ்சிக்கு வெளிய என்ன நடந்துச்சுன்னு தெரியணும்னா இந்த மாதிரிக் கல்லுங்களைத்தான் படிக்கணும்னு சார் சொன்னார்.

மலை மேல

போளூர் தாண்டினா ரோடு ஏற ஆரம்பிக்கும். ஜமுனாமரத்தூர்தான் அந்தப் பக்கத்துக்கு டவுன். கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு, கோலப்பன் ஏரியில படகு. சுத்தி இருக்கிற ஊர்கள்ல சாமை, புளி, பலா, தேன். இன்னும் பழைய காலத்துக் கல்திட்டைகளும் இருக்கு. பெரிய பலகைக்கல்லை நிறுத்தி மேல ஒரு மூடி போட்ட மாதிரி. சின்னதா இருக்கிறதால உள்ளூர்ல குள்ளர் குகைன்னு சொல்றாங்க. உண்மையில அது இறந்தவங்களுக்கான இடம், பெருங்கற்காலத்து வழக்கம்.

தங்கச்சியோட ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வண்டியை நிறுத்தச் சொன்னா. எழுந்து நின்னு எங்ககிட்ட பேசினா. ரெண்டு வருஷத்துல அவ அவ்வளவு சத்தமா பேசி நான் கேட்டதில்ல.

"கேட்காம யாரையும் போட்டோ எடுக்காதீங்க. வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்காதீங்க. பாட்டிங்க பச்சை குத்தியிருந்தா அதைக் காட்டச் சொல்லாதீங்க. நீங்க டூருக்கு வந்தவங்கன்னு எங்க அம்மாகிட்ட சொல்லல. என்கூட வேலை செய்யறவங்கன்னு சொல்லியிருக்கேன்."

சார் உடனே, "இனிமே நீதான்மா வழிகாட்டி"ன்னு முன்சீட்டை விட்டுப் பின்னாடி போய் உட்கார்ந்துட்டார். அந்த மனுஷன் மேல எனக்கு மரியாதை வந்த இடம் அது.

சாமைச் சோறு, கீரைக் கடைசல், ரசம். 16 பேருக்குச் சமைச்சிருந்தாங்க. நாங்க சாப்பிடச் சாப்பிட அக்கம்பக்கத்து ஆளுங்க வந்து தங்கச்சியைப் பார்த்துட்டுப் போனாங்க. எல்லாரும் கேட்டது ரெண்டே கேள்வி. எப்போ வந்த? எப்போ போற? அவ சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னா. சாப்பிட்டு முடிச்சதும் முதல் வேலையா ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தா. என்னன்னு கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்க்கா, என் பேர் இருக்கான்னு. ரெண்டு வருஷமா இங்க இல்லையே, எடுத்துட்டா?"

பாலாற்றுக் கதை எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஞாபகம் வந்துச்சு. நாய் திரும்பி வந்தா காரியம் பண்ணிடுங்க.

அவளோட அப்பா எங்ககூட உட்கார்ந்து பேசினார். மலையை விட்டு இறங்குறது இங்க புதுசு இல்லன்னார். செங்கல் சூளை, கரும்பு வெட்டு, திருப்பூர். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கட்டை வெட்டப் போனவங்க"ன்னார். 2015 ஏப்ரல் 7. ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டினதா சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்னாங்களே, அதுல ஜவ்வாது மலை ஆளுங்களும் இருந்தாங்க. தரகர் முன்பணம் கொடுப்பான், லாரியில ஏத்துவான், எங்க போறோம்னுகூட சிலருக்குத் தெரியாது. திரும்பி வந்தது உடம்புதான்.

"அதனாலதான் பொண்ணு கம்பெனிக்குப் போறேன்னப்போ சரின்னேன். கம்பெனின்னா அடையாள அட்டை இருக்கும், பேங்க்ல சம்பளம் வரும், கணக்குல ஆள் இருப்பா"ன்னார்.

கணக்குல ஆள் இருப்பா. நான் எழுதற சாஃப்ட்வேரை இதுக்கு முன்னாடி யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. ஒரு போர்டுல பழுது வந்தா எந்த ஷிப்ட், எந்த ஆபரேட்டர்னு தேடறதுக்காக வச்ச எண் அது. அந்த அப்பாவுக்கு, தன் பொண்ணு எங்கயோ பதிவாகியிருக்காங்கிற நிம்மதி.

ஆனா அவளோட ஒப்பந்தம் அந்த மார்ச்சோட முடியுது. வீட்ல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சிருந்தாங்க. அவ தொலைநிலைக் கல்வியில பி.காம். ரெண்டாவது வருஷம். நாங்க வெளிய திண்ணையில இருந்தப்போ அம்மாவும் அவளும் அடுப்படியில ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க. என்ன பேசினாங்கன்னு நான் கேட்கல.

கிளம்பும்போது நம்ம ஊர்ல "போறேன்"னு யாரும் சொல்ல மாட்டோம், "போயிட்டு வர்றேன்"னுதான் சொல்வோம். அவ அப்படித்தான் சொன்னா. அம்மா, "படிப்ப முடிச்சுட்டு வா"ன்னாங்க. வண்டி திரும்பின பிறகுதான் அவ சொன்னா: "ஒரு வருஷம் கேட்டேன்க்கா. சரின்னுட்டாங்க. வேற கம்பெனி தேடணும்."

காவலூர் இரவு

அன்னைக்கு ராத்திரி காவலூர். ஜவ்வாது மலையோட இன்னொரு பக்கம், திருப்பத்தூர் மாவட்டம், சுமார் 725 மீட்டர் உயரம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தோட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற இடம். நகர வெளிச்சம் இல்லாத, தென் வானத்தையும் நல்லாப் பார்க்கிற மாதிரி ஒரு இடம் வேணும்னு வைணு பாப்பு 1960-கள்ல தேடிப் பிடிச்ச மலை. 1977-இல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு உலகம் கண்டுபிடிச்சப்போ, இங்க ஒரு மீட்டர் தொலைநோக்கியிலயும் அந்தத் தடயம் பதிவாச்சு.

பெரிய தொலைநோக்கி 2.34 மீட்டர். இந்தியாவுலேயே வடிவமைச்சுச் செஞ்சது. 1986 ஜனவரி 6-ஆம் தேதி அதுக்கு வைணு பாப்பு பேரைச் சூட்டினவர் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி. அஞ்சு வருஷம் கழிச்சு, 1991 மே 21, நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தினமும் கம்பெனி பஸ் அந்த நினைவிடம் இருக்கிற ஊர் வழியாத்தான் போகுது.

பௌர்ணமி முடிஞ்சு ரெண்டாவது நாள், நிலா வெளிச்சம் ஜாஸ்தி. ஆனா வியாழன் நல்லாத் தெரிஞ்சுது. பொதுமக்களுக்கான தொலைநோக்கியில பார்த்தோம். ஒரு வட்டம், பக்கத்துல புள்ளி புள்ளியா நிலாக்கள். அதுல ஒண்ணு கனிமீட். 1972-இல் கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைச்சுக் கடந்தப்போ, அதுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம்னு காட்டின அவதானிப்புகள்ல காவலூரும் ஒண்ணு. தங்கச்சி அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவ. அதுவும் அவளுக்கு முதல் தடவைதான்.

மூணாவது நாளும் சில தகவலும்

ஏலகிரி பத்திச் சுருக்கமா. பொன்னேரிப் பக்கத்துலேருந்து மேல ஏற 14 கொண்டை ஊசி வளைவு. ஏழுக்குப் புலவர்கள் பேர், ஏழுக்குக் கடையெழு வள்ளல்கள் பேர். பாரதியார்ல ஆரம்பிச்சுப் பேகன் வரைக்கும். வளைவுக்கு வளைவு சார் பரீட்சை வச்சார், ஔவையாரும் அதியமானும் மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. மேல 1,100 மீட்டர் வாக்குல குளிர்ச்சி. ரிசார்ட்டும் நிறைய. அங்கேயும் மலையாளிப் பழங்குடிகள்தான் பூர்வகுடிகள். ஜவ்வாது மலைக்கு அப்புறம் ஏலகிரியைப் பார்த்தா, ஒரு மலை சுற்றுலாத் தலமா மாறினா எப்படி இருக்கும்னு புரியும். நல்லது கெட்டது ரெண்டும். சாயங்காலம் வாணியம்பாடி, வேலூர் வழியா நெடுஞ்சாலை பிடிச்சுத் திரும்பினோம்.

திரும்பி வந்த அடுத்த மாசமே ஒரு செய்தி வந்துச்சு. ஜவ்வாது மலையைச் சேர்ந்த, மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 23 வயசுல சிவில் நீதிபதித் தேர்வுல வெற்றி. குழந்தை பிறந்த சில நாள்லயே போய்த் தேர்வு எழுதினவர். தங்கச்சி அந்தச் செய்தியை எங்க குரூப்ல போட்டு வேற எதுவும் எழுதல. பன்னெண்டு பேரும் ஹார்ட் போட்டிருந்தாங்க.

நீங்களும் போகணும்னு நினைச்சா சில விஷயம். காஞ்சிக்கு ஒரு முழு நாள் வேணும். கைலாசநாதரும் வைகுண்டப் பெருமாளும் காலையிலேயே பாருங்க. சமணக் காஞ்சின்னு சொல்ற திருப்பருத்திக்குன்றம் ஓவியங்களை நாங்க விட்டுட்டோம், நீங்க விடாதீங்க. காவலூருக்குப் பொதுமக்கள் போகிற நாளும் நேரமும் தனியா இருக்கு, பார்த்துட்டுக் கிளம்புங்க. ஜவ்வாது மலைக்குப் போனா உள்ளூர்க்காரங்க ஒருத்தரை வழிகாட்டியா வச்சுக்கோங்க, அவங்களுக்கு நாள் கூலி கொடுங்க. சாமையும் தேனும் அங்கேயே வாங்குங்க. ஹாஸ்டல்ல இருக்கிறவங்க ஒரு வண்டிக்கு ஆள் சேர்த்தா ஆளுக்கு ஆகிற செலவு ஒரு நல்ல ஜோடி ஷூ விலைக்குள்ள முடிஞ்சுடும்.

ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க லைன்ல, உங்க டீம்ல, கேன்டீன்ல உங்க எதிர்ல உட்கார்ந்து சாப்பிடறவங்ககிட்ட, எந்த ஊருன்னு கேட்கிறதோட நிறுத்தாம, அந்த ஊர்க் கதை ஒண்ணைக் கேளுங்க. கேட்டுட்டு, அந்தக் கதையில பேசாம இருக்கிறது யாருன்னும் கேளுங்க. சுவாரசியமா எதாவது கிடைச்சா நமக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் வேண்டாம்னா பேர் இல்லாமலே போடுவோம்.

அடுத்த எபிசோடு நம்ம வழக்கமான டெக் பேச்சு. பத்திரமா வீடு போய்ச் சேருங்க. போயிட்டு வர்றேன்.